மேடத்துக்கு நாங்கள் தமிழ் சொல்லிக்கொடுத்த லட்சணம்

கடுகெண்ணெய் காயும் வாசம் மூக்கில் ஏறினால் போதும்... குன்னூர் பக்கத்து வெலிங்டனில் நான் வேலை பார்த்த அந்த ராணுவக் குவார்ட்டர்ஸ் சமையல்கட்டுக்கே போய்விடுவேன்.

வடக்கிலிருந்து வந்த மேடம். சார் எல்லைக்கு டூட்டிக்குப் போய்விட்டார். கடையில் வாய் திறக்க முடியாமல் எத்தனை நாள் நிற்பது, ஒரு மாதத்தில் தமிழ் வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மா ஊருக்கே போய்விடுவேன் என்று இந்தியில் சொல்லி அழுதார். குவார்ட்டர்ஸ் வேலையில் எனக்கு அந்த அளவு இந்தி புரியும். அவர் போனால் என் வேலையும் போச்சே...

அப்படித்தான் நான் டீச்சர் ஆனேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத டீச்சர்!

கை வேலை செய்தால்தான் வார்த்தை மனதில் நிற்கும் என்பது என் கட்சி. தேங்காயைக் காதருகே ஆட்டியபடி ‘தேங்காய்’. முனையை ஒடித்தபடி ‘வெண்டைக்காய்’.

தோட்டக்கார ராசண்ணனுக்கு இது ஆகவில்லை. மனப்பாடம்தான் படிப்பு என்பார். கத்தரி, தக்காளி, அவரை என்று வரிசையாக ஒப்பிக்க வைத்தார்.

“ஏனுங்க ராசண்ணா, மேடத்தைப் பூசாரி ஆக்கறீங்களா?” என்றேன்.

“நீ மட்டும் என்ன அம்மிணி... அவிங்கள சமையக்காரியால்ல ஆக்கறே.”

தினமும் இதே சண்டை. மேடம் நடுவில் உட்கார்ந்து சிரிப்பார்.

மாதம் முடிந்தது. குன்னூர் மார்க்கெட்டில் மேடத்தைத் தனியே காய்கறிக் கடைக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் எதிரே டீக்கடையில் பதுங்கினோம்.

ராசண்ணனின் வரிசையை மேடம் முணுமுணுத்தார். பாதியில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து... பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். பதற்றத்தில் கை கூடைக்குப் போனது. ‘வெண்டைக்காய்’ என்று ஒன்றை ஒடித்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

டீயை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

“ஏனுங்கம்மா, இப்படி எல்லாத்தையும் ஒடிச்சுப் போட்டா யாருங்க வாங்குவாங்க?” கடைக்காரர் குரல் உயர்ந்தது.

மேடம் விழித்தார். அழுதுவிடுவார் என்றே நினைத்தேன்.

“நானுங்க. நான் வாங்குவேனுங்க.”

அந்த ‘ங்க’ போட்ட பேச்சை நானும் சொல்லிக்கொடுக்கவில்லை, ராசண்ணனும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் போட்ட சண்டையிலிருந்து அவரே பொறுக்கிக்கொண்டது!

கடைக்காரரே சிரித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு வெண்டைக்காய்தான். சார் திரும்பும்வரை மேடம் அம்மா ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது மார்க்கெட்டுக்கு வருகிற மேடம்கள் போனை நீட்டுகிறார்கள். போன் சுத்தமான தமிழ் பேசுகிறது. கடைக்காரரும் போனுக்குப் பதில் சொல்லிவிட்டு எடை போடுகிறார். வசதிதான், குறை சொல்ல முடியாது.

ஆனால் பாவம்... அவர்களிடம் யாரும் சண்டைக்கே வருவதில்லை.