பட்டியலில் கடைசி ஊர்

1987 செப்டம்பர் 16, புதன், காலை ஆறரை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ் ஏறினோம். தலைக்கு நாலு ரூபாய் டிக்கெட், சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். என் மடியில் ஒரு நோட்டு.

என் மனைவி கமலாவுக்கு ஆஸ்துமா. கடலூரின் ஈரக்காற்றில் அவள் படும் பாட்டைப் பார்த்துப் பணி மாறுதல் கேட்டிருந்தேன். சேலம், தருமபுரி, வெள்ளிமலை, கள்ளக்குறிச்சி, நான்கில் ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் எழுதித் தரவேண்டும். கணக்கில் நான் புலி என்பது என் நினைப்பு. நான்கு ஊர்களின் ஒரு வருஷ வெப்பப் பதிவேடுகளைப் பார்த்து, சராசரி போட்டு, வெயிலும் குளிரும் மிதமான ஊர் முதலில் என்று வரிசைப்படுத்திவிட்டேன். வெள்ளிமலை முதலிடம். கள்ளக்குறிச்சி கடைசி.

"நோட்டுல பாத்தா போதுமா? ஒரு நாள் தங்கிப் பாக்கலாங்க" என்றாள் கமலா. அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஒன்பது மணிக்கு இறங்கும்போது கண்டக்டர் எச்சரித்தார். "நாளைக்கு மறியலுங்க சார். சாயங்கால வண்டியிலயே எறங்கிடுங்க." இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறிக்கப்போவது எனக்கும் தெரியும். மலைப் பாதையை யார் மறிக்கப்போகிறார்கள், ஒரு ராத்திரியில் குடி முழுகிவிடாது என்று சிரித்தேன்.

வெள்ளிமலையில் வெப்பமானி பார்த்துப் பதிவேடு எழுதும் அண்ணாமலை வீட்டில் தங்கினோம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். பிற்பகல் வெயில் அவ்வளவு இதம். கமலா மேட்டுக்காடு வரை நடந்து வந்தாள். நோட்டைத் தட்டிக்கொடுக்காத குறைதான்.

17, வியாழன், காலை ஐந்தரை. வாசலில் மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, அத்தனை பனி. கமலா கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு விசிலடித்தது. கொண்டுவந்த மாத்திரை கேட்கவில்லை.

"இவ்வளவு குளிர் பதிவேட்டில் இல்லையே!" என்றேன்.

"ஏழு மணிக்கு எழுதணுங்க சார். பனில கோடு கண்ணுக்குத் தெரியாது. அது வெலகினப்புறம், பத்து மணிவாக்குல பாத்துதான் எழுதிக்கினு வரேன்" என்றார் அண்ணாமலை.

அவர்மேல் கோபம் வரவில்லை. கண்ணில் தெரிந்ததை எழுதியிருக்கிறார். ஊரைப் பார்க்காமலே முதலிடம் கொடுத்தவன் நான்தானே.

பஸ் இல்லை. அண்ணாமலை ஓடிப்போய் முருகேசன் என்பவரை ஜீப்போடு கூட்டிவந்தார். கம்பளியைக் கமலாவுக்குப் போர்த்தி, தானும் ஏறிக்கொண்டார். மலையிறங்கி கச்சிராயப்பாளையத்தை நெருங்கும்போது சாலை நடுவே ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது. இருபது பேர் நின்றிருந்தார்கள்.

தலைத்துண்டு கட்டிய ஒருவர் வந்தார். "மறியல்னு தெரிஞ்சிக்கினே வரீங்களே, இன்னா சார் இது?"

நான் வாய் திறக்குமுன் கமலாவைப் பார்த்துவிட்டார். "எப்பா, கயித்த எடுங்க. அம்மாவுக்கு மூச்சு வாங்குது!"

இருபது பேரும் கயிறு கட்டி இழுத்தார்கள். மரம் ஒரு ஜீப் நுழையுமளவு நகர்ந்தது. நாங்கள் தாண்டியதும் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டார்கள். தலைத்துண்டுக்காரர் ஜீப்பின் படியில் தொற்றிக்கொண்டார். வழியில் இன்னும் இரண்டு மரங்கள். இரண்டு இடத்திலும் அவர் குரல் கொடுக்க, வழி கிடைத்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். பதினைந்து கிலோமீட்டர். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பகல் ஒரு மணி. ஊசிக்குப் பிறகு கமலா வராந்தாவில் வெயில் விழும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"இந்தக் காஞ்ச வெயிலு நெஞ்சுக்கு எதமா இருக்குதுங்க. பட்டியல்ல இது எத்தினியாவது ஊரு?"

"கடைசி."

"இதையே எழுதுங்க."

எழுதினேன். மறியல் முடிந்து கடலூர் திரும்பியதும் முதல் வேலையாகப் படிவத்தைக் கொடுத்தேன். மூன்று நாள் தாமதம், நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

இப்போது கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு மூன்றாவது கோடை. சித்திரை வெயிலில் பனையோலை விசிறியோடு நான் புலம்பிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் கமலா, வாய் மூடி, சத்தமில்லாமல் தூங்குகிறாள்.