அக்காவின் அளவு

எங்கள் வீட்டில் புதுத்துணி என்றால் அது எனக்குத்தான். மூத்தவளாகப் பிறந்ததற்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? நான் போட்டுத் தீர்த்ததை நடுத்தங்கை போடுவாள். அவள் விட்டதைக் கடைக்குட்டி போடுவாள். சட்டை, பை, சைக்கிள், ஷூ எல்லாம் இந்த வரிசையில்தான் இறங்கும். ஷூவின் முனையில் அம்மா பழைய துணியைச் சுருட்டித் திணித்துக் கொடுப்பாள். கடைக்குட்டி அதை மாட்டிக்கொண்டு டக் டக்கென்று பள்ளிக்கூடம் போவாள். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. சரியான அழுத்தக்காரி.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கடைக்குட்டியை என்ன படிக்க வைப்பது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. நான் படித்த அதே கல்லூரி, அதே கணக்கியல். புத்தகங்கள் பரணில் தயாராக இருந்தன. முக்கியமான வரிகளுக்கு அடியில் நானே கோடு வேறு போட்டுவைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான், சாப்பிட்டுக்கொண்டே, ராணுவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்றாள். விண்ணப்பத்தில் அப்பா மட்டும் யாருக்கும் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், பத்தாவது மாடியில் தொங்கப் பயப்படமாட்டார். அம்மாவிடம் பேசத்தான் பயம்.

அம்மா தாம்தூம் என்று குதித்தாள். நானும் விடவில்லை. வெயிலில் ஓடுவாயா, யாராவது அதட்டினால் அழாமல் நிற்பாயா என்று நறுக்கு நறுக்கென்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"அப்படி என்னடி இருக்கு அங்க?"

"சட்டை அளவெடுத்துத் தைப்பாங்கக்கா. என் பேரைப் போட்டுத் தருவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அதை அவளிடம் காட்டிக்கொள்வேனா? ஒரு சட்டைக்காக எவளாவது ராணுவத்துக்குப் போவாளா என்று சிரித்துவிட்டு, கை கழுவ எழுந்து போய்விட்டேன்.

அம்மா அரைமனதாகத்தான் அனுப்பினாள். ஒரே வாரத்தில் ஓடி வந்துவிடுவாள் என்று சொல்லி, அவள் படுக்கையை மடிக்கக்கூட விடவில்லை. கிளம்புமுன் கல்லூரியிலிருந்து ஷூ அளவு கேட்டார்கள். வீடே ஒரே குரலில் ஏழு என்றது. என் கால் ஏழு, அவள் போட்டதும் ஏழு. சந்தேகம் யாருக்கு வரும்? அவளுக்கே வரவில்லை.

பிறகு ஒருநாள், நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கல்லாவில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. இருமல் மருந்துக்கு வந்தவர் இருமிக்கொண்டே நிற்க, இவள் கதை சொன்னாள். முதல் அணிவகுப்பிலேயே வலதுகால் ஷூ கழன்று பறந்து, முன்னால் போனவளின் முதுகில் விழுந்திருக்கிறது. பயிற்சி அதிகாரி அதைக் கையில் எடுத்து, யாருடையது என்று கேட்டிருக்கிறார். அன்று காலை பெட்டியிலிருந்து பிரித்த புது ஷூ. இந்த மக்கு பதறிப்போய்ச் சொல்லியிருக்கிறாள்:

"அக்காவோடது சார்."

மைதானமே சிரித்ததாம். வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறார்கள் என்று இவளுக்கு உதறல். அவரோ சிரிக்காமல் ஸ்டோருக்கு அனுப்பினார். அங்கே ஒருவர் முட்டிபோட்டு உட்கார்ந்து அவள் காலை அளந்தார். ஐந்து.

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு! அவ்வளவு சத்தமாக எங்கள் வீட்டில் அவள் சிரித்ததே இல்லை. நான் வீட்டுக்குப் போய் அப்படியே சொன்னேன். அம்மா எழுந்து போய் அந்தப் படுக்கையை மடித்தாள்.

முதல் விடுமுறைக்கு வந்தவள் வாசலில் ஷூவைக் கழற்றி வைத்தாள். முகம் பார்க்கலாம், அப்படியொரு பளபளப்பு. அவள் குளிக்கப் போனதும் நைசாக என் காலை உள்ளே விட்டுப் பார்த்தேன். பாதிதான் போனது. எவ்வளவு அழுத்தியும் குதிகால் உள்ளே போகவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அது என்னோடது."

"தெரியுதுடி" என்றேன். வசமாக மாட்டிக்கொண்டாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் கால் பட்ட இடத்தைத் துடைத்து, இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து வைத்தேன்.