ஓர்துன்யோ வீட்டுப் பீப்பாய்

தியாகு கல்லின் மேல் ஒரு சொட்டுக் காடியை விட்டுக் குனிந்து பார்த்தான். நுரைத்தது. வேலிப்பக்கம் வீசினான்.

“நல்ல கல்லுடா அது,” என்றார் அப்பா பொன்னுதுரை.

“சுண்ணாம்பு இருக்குப்பா. உள்ள போட்டா ஒயினோட புளிப்பு செத்துப்போகும்.”

“உங்கம்மா புளியில கல்லு பொறுக்குவா. நீ கல்லுல புளி பாக்கிற. நீ வேலை பாக்கிற குழாய்த் தண்ணி ஆபீஸ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தானா?”

தேறிய கற்களைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பீப்பாயின் வாய் வழியே ஒவ்வொன்றாக இறக்கினார்கள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

பொன்னுதுரை மலாய் நாட்டில், பண்டார் ஹிலிரில் ஒரு மதுக்கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஸ்பெயினில் ஓர்துன்யோ என்ற குடும்பம் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின் பீப்பாயில் வரும். அவர்தான் புட்டிகளில் இறக்குவார். ஒருமுறை அந்த வீட்டு இளைய மகனே கப்பலில் வந்திருந்தார். பீப்பாயில் அளவு குறைந்து காற்று தங்கினால் ஒயின் புளித்துக் காடியாகிவிடும், ஊற்ற வேறு ஒயின் இல்லையென்றால் எங்கள் வீட்டில் கழுவிய கல்லைப் போட்டு மட்டத்தை ஏற்றுவோம் என்று கைச்சாடையால் காட்டிவிட்டுப் போனார்.

ஜப்பான்காரன் வருவதற்குள் முதலாளி ஊரைவிட்டுப் போய்விட்டார். கடைசியாக வந்த பீப்பாயை மட்டும் பொன்னுதுரை மாட்டுவண்டியில் ஏற்றி, வைக்கோலால் மூடி, காஜா பெராங்கில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குடிப்பதற்கல்ல. மாதா கோயிலில் பூசைக்குத் திராட்சை ரசம் தீர்ந்துவிட்டது. வேறு எதை ஊற்றினாலும் பூசை ஆகாது என்று பாதிரியார் கவலைப்பட்டார். பொன்னுதுரை நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். “சண்டை முடியிற வரைக்கும் கெடாம பாத்துக்கிறேன் சாமி,” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வாரம் ஒரு மருந்துப்புட்டி கோயிலுக்குப் போகும். போன அளவுக்குக் கல் உள்ளே போகும்.

மதுவையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பூசைக்கு உரியது மதுவில் சேராது என்று அவர் மனதார நம்பினார்.

அரிசி தேடி வந்த சிப்பாய்கள் கொட்டகையில் பீப்பாயைக் கண்டு வெளியே உருட்டினார்கள். உள்ளே கடகடவென்று சத்தம். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினான்.

“உள்ளே என்ன?” என்று மலாயில் கேட்டான்.

“கல்லு, துவான்,” என்று பொன்னுதுரை பணிந்து சொன்னார்.

“ஒயினில் கல்லா?” அவன் சிரித்தான். “நகையா, தோட்டாவா?”

“கல்லுதான் துவான். காத்து தங்காம இருக்கப் போட்டது.”

அவர் காற்றைப் பற்றிச் சொல்லச் சொல்ல அடி விழுந்தது. “அப்பா சொல்றது உண்மை துவான்,” என்ற தியாகுவுக்கும் விழுந்தது. பீப்பாயில் கோடரி பாய்ந்தது. ஒயின் முற்றம் முழுக்க ஓடியது. பலகைகளுக்கு நடுவே கூழாங்கற்கள் கிடந்தன. ஏமாந்த ஆத்திரத்தில் பொன்னுதுரையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சில நாள் கழித்து வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். மூச்சு மட்டும் இருந்தது.

“எல்லாம் போச்சாடா?”

“போச்சுப்பா.”

“சாமிகிட்ட என்னன்னு சொல்வேன்?”

விடிவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு தியாகுவின் அம்மா ஒன்றைச் சொன்னாள். ஒவ்வொரு பீப்பாய் வந்ததும் பொன்னுதுரை ருசி பார்ப்பாராம். கடல் கடந்து எப்படி வந்து சேர்ந்தது என்று கடையிலிருந்து ஓர்துன்யோ வீட்டுக்குத் தந்தி போகுமாம். கடைசிப் பீப்பாய்க்கு அது போகவில்லை. “சண்டை முடியட்டும், மொதல் தந்தி அதுதான்னு சொல்லிட்டே இருந்தாரு.”

சண்டை முடிந்ததும் அந்தத் தந்தியைத் தானே அனுப்ப எண்ணி, தியாகு பாதிரியாரிடம் போனான்.

“அந்த ரசம் எப்படி இருந்துச்சு சாமி?”

“பூசையில ருசி பாக்கிறதில்லயே தம்பி,” என்றார் பாதிரியார்.

தியாகு அதைத் தொட்டு நாக்கில் வைத்ததில்லை. ருசி தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். ஓர்துன்யோ வீட்டுக்குத் தந்தி போகவேயில்லை.