நன்மை வாங்காத ஓட்டுநர்

மறைக்கல்வி வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நம் காரைக்குடிக் கோயிலில் நான் ஒரு வேன் ஓட்டுநரைச் சந்தித்தேன். நரைத்த தாடி, குனிந்த தலை. திருப்பலியில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் வரிசையில் வருவார். அப்பம் கொடுக்கும் சாமியார் அருகில் வந்ததும் விலகிப் போய்விடுவார். அவர் வேனில் அடிபட்டு ஒரு சிறுமி இறந்திருந்தாள்.

“சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செஞ்சுட்டீகள்ல, பிறகென்ன? ஆண்டவர் தகுதி பாத்தா அருள் கொடுக்கிறாரு? சும்மாதானே கொடுக்கிறாரு, வாங்கிக்கிட்டா என்ன?” என்றேன்.

“சும்மா கொடுக்கிறதாலதான் வாங்க முடியலை, தம்பி. அடி கொடுத்தா ரெண்டு கையையும் நீட்டிருவேன். அந்தப் பிள்ளையோட ஆத்தா முன்பெஞ்சுல இருக்காக. அவுக பாக்கையில எப்படி நீட்ட?”

பிறகு அவர் கோயிலுக்கு வரவே இல்லை. அவர் வராமல் போனதிலிருந்து அந்தத் தாயும் நன்மை வாங்க எழுந்திருப்பதில்லை. அருள் இருவருக்கும் உண்டு என்றுதான் உங்களுக்குச் சொல்கிறேன். அது எந்த வழியாக அவர்களிடம் போய்ச் சேரும் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.