நைனா மீசை

மறைமலைநகர் போகும் கம்பெனி பஸ்ஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர் தினமும் என் பக்கத்தில்தான் உட்காருவார். வாய் பேசும், கை மீசையை நீவும். "இது அப்படியே எங்க நைனா மீசை சார்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை மீசையை மழித்துவிட்டு ஏறினார். பதறிப்போய், "அப்பா எப்போ தவறினாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"அவரு வூட்லதான் கீறாரு சார். பொண்ணு ஏதோ டிஎன்ஏ டெஸ்ட் டப்பா வாங்கியாந்து எங்க எல்லார் எச்சியையும் அனுப்பிச்சா. எனக்கும் நைனாவுக்கும் ரத்த சம்பந்தமே இல்லன்னு வந்துகீது. அன்னிக்கே எடுத்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?" என்றேன்.

"மறுநா காலைல எழுந்து பாத்தா, அவரும் மீசைய வழிச்சிட்டு உக்காந்துகினு கீறாரு. 'இப்ப யாரு பாத்தாலும் ஒரே ஜாடைன்னுதான் சொல்வான்'றாரு."

அவர் கை, இல்லாத மீசையை நீவிக்கொண்டே இருந்தது.