சரிபார்த்தேன், பழுதில்லை

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கள் தெரு அலறியது. தெரு என்று நான் சொல்வது மனிதர்களை அல்ல, வீடுகளை. மொத்தம் பத்து வீடுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஆனால் ஒரே சுருதியில்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. காது இப்போதுதான் சரியானது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கு முந்தைய ஞாயிறு, காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு பையன் வாசலில் வந்து நின்றான். கழுத்தில் டை. திருவண்ணாமலை வெயிலில் டை கட்டியவனைப் பார்த்தால் எனக்கு முதலில் இரக்கம் வந்துவிடும். அவன் தொழிலில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பெயர் பாஸ்கர். மெட்ராஸ் கம்பெனி. கையில் வெள்ளை நிறத்தில், சாதம் வடிக்கும் தட்டு அளவில் ஒரு சாமான்.

"ஸ்மோக் அலாரம் சார். புகை பட்டா போதும், கத்தும். சார், ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல ராத்திரி எத்தன பேர் தூங்கறீங்க?"

"நாலு பேர்."

"நாலு பேரும் காலைல எழுந்திருப்பீங்கன்னு யார் சார் கேரண்டி?"

உள்ளே கத்திரிக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. என் மனைவி சரோஜா கூடத்துக்கு வந்துவிட்டாள். பாஸ்கர் அந்த நொடியோடு என்னைக் கைகழுவிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"மேடம், கேஸ் வந்துடுச்சுங்களா?"

வந்துவிட்டது. அதுதான் வினை. பதிவு செய்து நாலு வருஷம் காத்திருந்து வந்த சிலிண்டர், பயத்தினால் பதினோரு நாளாகப் பற்ற வைக்கப்படாமல் சமையலறை மூலையில் மாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சமையல் இன்னும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில்தான்.

"இது இருந்தா தைரியமா பத்த வைக்கலாம் மேடம்!"

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

"நெருப்பு யோசிக்காது சார்."

"விலை ஜாஸ்தி."

"உயிரு கம்மியா சார்?"

பதில் சொல்லிப் பாருங்கள்! இதற்கு என்ன சொன்னாலும், பெண்டாட்டி பிள்ளைகளை எரிய விடத் துணிந்தவன் என்று ஆகிவிடும்.

"இதுதான் சார் கடைசி பீஸ்" என்றான். அவன் பைக்குள் எட்டிப் பார்த்தேன். ஆறு இருந்தன. எண்ணினேன்.

"அதெல்லாம் புக் ஆயிடுச்சு சார்" என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எனக்கு ஒரு விதி உண்டு. வாசலில் விற்கும் எதையும் அன்றே வாங்குவதில்லை. ஒரு ராத்திரி தாண்ட வேண்டும். இந்த விதிக்கு முன்னால் வாங்கிய மூன்று சாமான்கள் பரணில் இருக்கின்றன. அதில் ஒன்று எதற்கு என்றே இன்றுவரை தெரியவில்லை. விதியைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

"ஒரு ராத்திரி என்ன சார், ஒரு வாரமே வெச்சிக்குங்க! துட்டே வேணாம். வாங்கிக்கிட்டேன்னு ஒரு வரி மட்டும் எழுதிக் குடுங்க."

துட்டு வேண்டாம் என்றதும் எனக்குப் பாரம் இறங்கியது. குக்கரில் விசில் வந்ததும் அழுத்தம் போய்விட்டது என்று நினைக்கிறோம். உள்ளே வெந்துகொண்டிருப்பது யார்? நாம்தான்.

ஒரு ஊதுபத்தி கொளுத்திக் காட்டினான். அது அலறிய அலறலில் பக்கத்து வீட்டு மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டது. நான் அரசு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் — எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சோறு இறங்கும். அவன் கொடுத்த மஞ்சள் சீட்டில் எழுதினேன்: "சரிபார்த்தேன். பழுதில்லை. உடனே ஒலிக்கிறது." தேதி, நேரம், முழுக் கையெழுத்து.

சமையலறைக் கூரையில் அவனே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

டயரிக் குறிப்புகளைச் சுருக்கமாகத் தருகிறேன். ஞாயிறு 12.20, ரசம் தாளித்தபோது. திங்கள் 7.05, தோசைக்கல். செவ்வாய் 7.40, மறுபடி தாளிப்பு. புதன்கிழமை ஒலிக்கவில்லை... தாளிப்பே இல்லை! சரோஜா காதுக்குப் பயந்து கடுகை நிறுத்திவிட்டாள். கேஸையும் பற்ற வைக்கவில்லை. கடுகு இல்லாத ரசத்தை நான் நெருப்பை விடப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன். ஞாயிறு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

நான் ஆபீஸில் இருந்த பகல்களில் பாஸ்கர் எங்கள் தெருவில் வேலை பார்த்திருக்கிறான். ஒன்பது வீடுகள். எல்லா வீட்டுக்கும் அன்று மாலை நாலு மணிக்கு மேல்தான் வந்து மாட்டியிருக்கிறான். எங்கே? பூஜை அறையில். "வெளக்கு எரியற எடம்தான மேடம் டேஞ்சர்?"

வெள்ளி மாலை ஆறே கால் சுமாருக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சாம்பிராணி போடுவார்கள். மெட்ராஸ் கம்பெனிக்கு இது எப்படித் தெரியும்?

எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் எதிர்வீட்டு முனிரத்தினம் டி.வி. பெட்டியை மார்போடு அணைத்தபடி வந்தார். சம்சாரம் பின்னால் வந்தார். என் மனைவி எந்த வீட்டில் தீ என்று பார்க்க ஒவ்வொரு வீடாக ஓடினாள், கையில் புகைகிற சாம்பிராணித் தட்டோடு. அவள் நுழைந்த வீட்டிலெல்லாம் சத்தம் இன்னும் கூடியது.

"ஏங்க, இங்கதான் ஜாஸ்தியா கத்துது!" என்று கடைசி வீட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

காரணம் புரிந்து, ஒவ்வொன்றாக பேட்டரியைக் கழற்றி முடிக்க இருபத்தாறு நிமிடம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் சார், உங்க வீட்ல மட்டும் சமையல்கட்டுல மாட்டிக்கினு எங்களுக்கு சாமி ரூமா?" என்றார் முனிரத்தினம்.

"நான் வாங்கவே இல்லையே. சும்மா ஒரு வாரம் பார்க்க வைத்திருக்கிறேன்."

"வாங்கலியா? அப்ப இது என்னா?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது என் மஞ்சள் சீட்டின் போட்டோஸ்டாட். சரிபார்த்தேன். பழுதில்லை. ஒன்பது வீட்டுக்கும் ஆளுக்கொரு காப்பி!

"கத்திரிக்காயக்கூட காம்பைத் திருப்பிப் பாத்து வாங்கற மனுஷன் நீங்க. நீங்களே எழுதிக் குடுத்தப்புறம் நாங்க என்னாத்த பாக்கறது?"

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் நாலாவது வீட்டுக் காந்திமதி டீச்சர் பேசினார். அவருடைய அப்பாவுக்கு இரண்டு காலும் வராது. டீச்சர் ஸ்கூலுக்குப் போனால் மாலைவரை அவர் தனிதான்.

"அப்பாவுக்காகத்தான் சார் வாங்கினேன். இன்னிக்கு அவரத் தூக்கவும் முடியல, விட்டுட்டு வரவும் முடியல. கட்டில்ல உக்காந்து என் பேரச் சொல்லிக் கத்திட்டாரு. இப்ப, 'இனிமே அது அடிச்சா நான் நம்பமாட்டேன்'னு சொல்றாரு." தன் காப்பியை என்னிடம் நீட்டி, "உங்க கையெழுத்து சார்" என்றார்.

நான் எழுதியதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. அது ஒலிக்கிறதா என்று சரிபார்த்தேன். எங்கே, எதற்கு, யாருக்கு என்பதைச் சரிபார்க்கவில்லை.

அன்றே அலாரப் பெட்டியில் இருந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஆங்கிலம், கடுகு அளவு எழுத்து. சமையலறையிலும் தினம் புகை வரும் இடத்திலும் மாட்டாதே. தூங்கும் அறைக்கு வெளியே, கூரையில் மாட்டு. வாரம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதித்துப் பார். கடைசி வரி: கேஸ் கசிவை இது காட்டாது.

இதை சரோஜாவிடம் படித்துக் காட்டினேன்.

"காட்டாதா? அப்புறம் எதுக்கு இது? எனக்கு மூக்கு இருக்குது. உங்க பொடி டப்பா எந்த ரூம்ல இருக்குதுன்னு இத்தன வருஷமா மூக்காலதான கண்டுபிடிக்கிறேன்?"

மறுநாள் காலை சோப்புத் தண்ணீரை ட்யூபில் தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்து, அவளே கேஸைப் பற்ற வைத்தாள். முதலில் செய்தது தாளிப்பு.

நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். பூஜை அறையிலிருந்து கழற்றி, பேட்டரியைப் போட்டு, அப்பா அறைக்கு வெளியே நடையில் மாட்டினேன். டீச்சரை வழக்கம்போல் சாம்பிராணி போடச் சொன்னேன். பூஜை அறைக் கதவை மூடிக்கொண்டு போட்டார். அலாரம் சும்மா இருந்தது. பெரியவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் கீழே ஒரு காகிதத்தைக் கொளுத்தினேன்.

"கேக்குதுப்பா, கேக்குது! நிறுத்து! நம்பறேன்!" என்றார்.

மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் வேண்டாம் என்று பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

ஞாயிறு வந்த பாஸ்கர், எங்கள் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் புது ஆர்டர் என்று நினைத்துச் சிரித்தான். முனிரத்தினம் அவன் டையை மரியாதையாகப் பிடித்துக்கொண்டார். எட்டு வீட்டு அட்வான்ஸும் திரும்பி வந்தது. என் வீட்டு அலாரமும் அவன் பைக்குத் திரும்பியது.

"சார், நீங்க எழுதினதத்தான சார் காட்டினேன்?" என்றான் அழாத குறையாக.

"தப்பு என்னுடையதுதான். இனிமேல் இதைக் காட்டு" என்று, பழைய சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். சமையலறைக்கும் பூஜை அறைக்கும் ஆகாது. கேஸைக் காட்டாது. படுக்கும் இடத்துக்கு வெளியே மாட்டினால் நல்லது. அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தேதி, நேரம், முழுக் கையெழுத்து.

படித்தான். வியர்த்தது. "இதக் காட்டினா ஒரு பீஸ் கூட போவாது சார்."

போகாமல் இருந்தால் நல்லதுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

முந்தாநாள் ஞாயிறு, காலை எட்டரைக்கு ஒரு பெரியவர் வந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர். விலாசத்தைப் பாஸ்கரே சொன்னானாம். கையில் ஒரு போட்டோஸ்டாட். அதில் என் புதுச் சீட்டு.

"நீங்கதானுங்களா அது? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எங்க தெருவுல பதினாலு வீட்டுல வாங்கிட்டோங்க."

"எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?"

"சமையல்கட்டுலதாங்க! ஆனா பாருங்க, ரொம்பக் கத்துது."

"அங்கே கூடாது என்றுதானே எழுதியிருக்கிறேன்? படிக்கவில்லையா?"

"அதையெல்லாம் யாருங்க படிச்சாங்க? அடியில கையெழுத்து இருந்துச்சு... எவ்ளோ சுத்தமா இருந்துச்சு தெரியுங்களா!"

அடுத்த பஸ் ஒன்பது பத்துக்கு. ஸ்டூலையும் எடுத்துக்கொண்டேன். பதினாலு வீட்டிலும் மாற்றி மாட்டிவிட்டு வந்ததில் கழுத்து இன்னும் திரும்பவில்லை.

நேற்றிலிருந்து கையெழுத்தைக் கோணலாகப் போடப் பழகிவருகிறேன்.