அக்கா போட்ட பென்சில் வட்டங்கள்

நீல அட்டை போட்ட அந்த நோட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் ஈரம் பார்க்கும் வேலையில் இருந்த ஒரு அக்காவின் நோட்டு அது. மூட்டை எண், பக்கத்தில் ஈரத்தின் அளவு என்று வரிசையாக எழுதியிருப்பார். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி, எழுத்தெல்லாம் மலையாளம். சில வரிகளின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம்.

அந்தக் கிடங்குக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நான். மிளகை மெஷினில் போட்டால் ஈரத்தின் அளவு திரையில் ஒரு கட்டத்தில் தெரியும். அந்த மாதிரிக் கட்டங்களை எங்கள் தொழிலில் விட்ஜெட் என்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. புரோகிராம் அந்தப் பெயரை வைத்துத் தேடி, முதலில் கிடைத்த கட்டத்தில் புது எண்ணை எழுதும். "கண்ணாடி போட்டாலும் சரியா காணலை தம்பி, நம்பரைக் கொஞ்சம் வலுதாக்கித் தரணும்" என்று அக்கா கேட்டார். பெரிதாக்குவது அரைமணி நேர வேலை. பழைய கட்டத்தை நகலெடுத்துப் பெரிதாக்கி நடுவில் வைத்தேன். பார்வைக்கு எப்படி இருக்கிறதென்று 10.5 என்று நானே அடித்தேன். பழையதை அழிக்கச் சோம்பல்பட்டு, மறைத்து மட்டும் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே பெயர். உண்மையான எண்கள் எல்லாம் யார் கண்ணிலும் படாத பழைய கட்டத்தில் மாறிக்கொண்டிருக்க, அக்காவின் முன்னால் நான் அடித்த 10.5 அசையாமல் நின்றது. ஒரு பிடி மிளகைப் போட்டு ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

மறுநாள் அக்கா போன் செய்தபோது வைட்டிலாவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "எல்லா மூட்டைக்கும் பத்தரைதான் காட்டுது தம்பி. கையில எடுத்தா சிலது ஈரமா இருக்கு."

"ஒரே தோட்டத்துச் சரக்கா இருக்கும்க்கா. கையை நம்பாதீங்க, மெஷினை நம்புங்க" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"சரி, நீங்க படிச்சவங்க" என்று வைத்துவிட்டார்.

அந்த மூட்டைகள் ஏறிப் போன லோடு பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஸ்கிரீன்ல கண்டதைத்தான் எழுதினேன்" என்றார் அக்கா, என்னைப் பார்த்து. சரிபார்த்துச் சொல்வதாக நோட்டை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு கட்டங்களும் அகப்பட்டன. மெஷின் அளந்ததெல்லாம் ஒரு கோப்பில் சேரும், அதைத் திறப்பவன் நான் ஒருவன்தான். அதையும் திறந்தேன். அக்கா கையால் பார்த்து வட்டம் போட்ட மூட்டைகளுக்குத்தான் பதினைந்து, பதினாறு என்று, பூஞ்சை பிடிக்கும் அளவுக்கு ஈரம் இருந்தது. சத்தமில்லாமல் பழைய கட்டத்தை அழித்தேன். முதலாளியிடம் போய், "புரோகிராம்ல ஒண்ணும் இல்ல சார், மெஷின்ல சரியா போட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க" என்றேன். அக்காவை அன்றே நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பயம், அவ்வளவுதான். அதற்கு நல்ல பெயர் எதுவும் வைக்க முடியவில்லை.

போன வாரம் தோப்பும்படியில், இறால் உரிக்கும் கூடத்து வாசலில் அவரைப் பார்த்தேன். முகத்தில் கோபமே இல்லை. "சுகமா தம்பி? அந்த ஸ்கிரீன்ல என்ன கேடுன்னு பின்னே தெரிஞ்சுதா?" என்று கேட்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது.

"அதுல ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

தண்ணீரில் ஊறி வெளுத்த கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்போ மெஷின்ல சரியா போட்டுப் பார்க்க என் கைக்குத்தான் தெரியாமப் போச்சு. இப்போ வீட்டுக்கு மிளகு வாங்கவும் மகளைத்தான் அனுப்புறேன்."

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். பதினேழு வட்டங்கள். பதினேழும் சரி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.